வாத்துக் குளத்தில் பிரியாணி தேக்சா

எங்கள் ரப்பர் படகின் அடிப்பாகத்தைக் கப்பல் எலிகள் தின்றுவிட்டிருந்தன. போர்ட் பிளேர் லம்பா லைனில் எங்கள் வீட்டு முற்றத்தில் கித்தான் உறையைப் பிரித்தபோதுதான் அது தெரிந்தது. பக்கவாட்டுக் காற்றுக் குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றடித்ததும் கொழுகொழுவென்று உப்பி நின்றன. நடுவில் மட்டும் எதுவும் இல்லை. எங்கள் வாத்தியார் அந்த ஓட்டைக்குள் இறங்கி நின்று, படகை இடுப்பளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உட்காரத்தான் முடியாது," என்றார். "மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

என் அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, இவரா ஒங்க புரொபசரு?" என்று என் காதோடு கேட்டாள். "பாவாடை கட்டுன மாதிரில்லா நிக்காரு."

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் சென்னையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு போர்ட் பிளேரில் பொதுப்பணித் துறையில் வேலை. நான் நடக்கப் பழகியதே இந்தத் தீவு மண்ணில்தான். வாத்தியார் உண்மையில் புரொபசர் இல்லை, இளம் விரிவுரையாளர். எங்களைவிடப் பத்து வயதுகூட மூத்தவராக இருக்க மாட்டார். குள்ளமான, ஒல்லியான மனிதர். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் கோயில் மணி மாதிரி இருக்கும். "செத்த மீனைப் பத்தி எல்லாரும் நல்லா எழுதறீங்க. உயிரோட இருக்கற மீனுக்கு என்ன வேணும்னு ஒருத்தருக்கும் தெரியலை," என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார். அன்றிலிருந்து ஃபார்மலின் பாட்டில்களை மூடி வைத்துவிட்டு எங்களைக் குளம், ஏரி, ஓடை என்று இழுத்துக்கொண்டு அலைய ஆரம்பித்தார். ஒரு குளத்தை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க விரும்பிய ஒரே பாடம். அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

போர்ட் பிளேருக்குத் தெற்கே, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்காகக் காடு வெட்டி அமைத்த ஒரு கிராமத்தில் குளம் கறுத்துப் போகிறது, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன என்று அப்பா ஒருமுறை கடிதத்தில் எழுதியிருந்தார். அதை நான் பேச்சுவாக்கில் வாத்தியாரிடம் சொல்ல, அடுத்த மாதமே நாங்கள் கப்பலில் இருந்தோம். நான், நாகர்கோவில்காரியான என் வகுப்புத் தோழி, கோயம்புத்தூர்க்காரரான ஒரு நெட்டை மாணவர், வாத்தியார், எலி தின்றுகொண்டிருந்த படகு. கடல் சூழ்ந்த ஊரில் நல்ல தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்று கப்பலில் அவர் எங்களுக்கு விளக்க முயன்றார். நாங்கள் மூவரும் வாந்தியெடுத்துக்கொண்டிருந்ததால் பாதிதான் கேட்டோம்.

படகு இல்லாவிட்டாலும் முதலில் குளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று மறுநாள் காலை பஸ் ஏறினோம். போகும் வழியெல்லாம் வாத்தியார் இந்தி பழகினார். எனக்கு இந்தி தெரியும், நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. முதல் வார்த்தையைத் தானே பேசினால்தான் மரியாதை என்றார். குளத்துக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டார். தாலாப் என்றேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கிராமத்தின் பிரதான், அதாவது ஊர்த்தலைவர், எங்களை வரவேற்க வீட்டு வாசலில் நின்றிருந்தார். தடித்த கண்ணாடியும் தொளதொள பனியனும் போட்ட மனிதர். பக்கத்தில் அவர் மனைவி. இருவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடைவெளி. வாத்தியார் கைகூப்பி, தன் மணிக்குரலில், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஹம் ஆப் தோனோ கா தலாக் தேக்னே ஆயா ஹை!"

உங்கள் இருவருடைய விவாகரத்தைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனைவி மட்டும் முகம் மலர்ந்து, "அச்சா! கப் ஹை?" என்றாள். அப்படியா, எப்போது?

நான் பாய்ந்து, தாலாப், தாலாப் என்று கத்தினேன். சிரிப்பு அடங்குவதற்கு வெகுநேரமாயிற்று. பிரதான் மட்டும் சிரிக்கவில்லை. காரணம் சீக்கிரமே தெரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடு ஒருவர் பேசி மழைக்காலம் ஒன்று போயிருந்தது. சண்டை குளத்தைப் பற்றித்தான். அந்த அம்மாள் ஒரு பெரிய வாத்துக் கூட்டம் வளர்த்தாள். குளம் கெட்டதற்கு வாத்துகள்தான் காரணம், விற்றுவிட வேண்டும் என்று கணவர் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டார். வீட்டில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஊர் நடுவில் என் பிள்ளைகளைப் பழி சொன்னார் என்று அவளுக்கு ஆத்திரம். அன்றிலிருந்து சோறு போடுவாள், பேச மாட்டாள். உப்பு வேண்டுமென்றால் அவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வார். அவர் வந்து அந்த அம்மாளிடம் சொல்வார்.

ஆக, நாங்கள் குளத்தைச் சோதிக்க வந்தவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஊர் எங்களை நீதிபதிகளாக எதிர்பார்த்துக் காத்திருந்தது.

குளம் பெரியது. ஒரு பக்கம் படித்துறை, ஒரு பக்கம் எருமைகள் இறங்குகிற சரிவு, மீதி எல்லாம் வாத்து. தண்ணீர் கரும்பச்சையாக, அழுகின முட்டை வாடையோடு கிடந்தது. கரையோரத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் போதாது, நடுவில் போய் எடுக்க வேண்டும் என்றார் வாத்தியார். அடிச் சேறு வேண்டும், ஆழம் வேண்டும், தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று தெரிய வேண்டும்.

"நீந்திப் போய் எடுத்துட்டு வரட்டுங்களா சார்?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"நீ நீந்தினா அடியில இருக்கறதெல்லாம் மேல வந்துடும். அப்புறம் நான் அளக்கறது குளத்தை இல்ல, உன்னை."

நடுவில் ஆழம் எவ்வளவு என்று ஊராரைக் கேட்டோம். ஒருவர் ஒரு தென்னை உயரம் என்றார். இன்னொருவர் அடியே கிடையாது, கடலோடு போய்ச் சேர்கிறது என்றார். பிரதான் ஆழத்தைச் சொல்லவில்லை. ஆனால் நடுவில் போகாமல் இருப்பது நல்லது, ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள்மேல் எவ்வளவு அக்கறை என்று என் தோழி நெகிழ்ந்துபோனாள்.

கழிமுகத்தில் மீன் பிடிக்கிற ஒருவர் தன் மரத்தோணியைத் தருவதாகச் சொன்னார். வாத்தியார் மறுத்துவிட்டார். உப்புத் தண்ணீரில் கிடந்த தோணியை நல்ல தண்ணீரில் இறக்கினால் அதில் ஒட்டியிருக்கிற உயிரெல்லாம் குளத்துக்குள் வந்துவிடும் என்பது அவர் கட்சி. வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி மிதவை செய்வது வங்காளிகளுக்குக் கைவந்த வேலை. ஆனால் ஊரில் வெட்டுகிற மாதிரி வாழைத்தோப்பு வைத்திருந்தது வாத்துக்கார அம்மாள் ஒருத்திதான். என் வாத்துகளுக்கு எதிராகச் சாட்சி தேடப் போகிறவர்களுக்கு என் வாழையா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தோம். அம்மா சோறு போட்டுக்கொண்டே, "மெதக்கணும், அம்புட்டுத்தான? பெரிய பாத்திரம் ஒண்ணுல ஏறிக்கிட்டுப் போவேண்டியதான?" என்றாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். வாத்தியார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அம்மா, "ஐயோ" என்றாள்.

அபர்டீன் பஜாரில் ராமநாதபுரத்துப் பாய் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவதும் அவர்தான். கடையின் பின்கட்டில் இருந்தது அந்தத் தேக்சா. பிரியாணி சமைக்கிற அண்டாவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு ஆள் உள்ளே சம்மணம் போட்டு உட்காரலாம். இரண்டு பக்கமும் கனத்த வளையங்கள். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் பாய் தேக்சாவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னத்தா சொல்றிய?" என்றார் என்னிடம். "தேக்சாவ அடுப்புல ஏத்துவாங்க. தண்ணியில எறக்குவாங்களா? ஞாயித்துக்கெழம பம்பூஃபிளாட்ல எங்க மச்சான் மக கல்யாணம். அதுக்கு எடுத்து வச்சிருக்கேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க கையில இருக்கும்," என்றார் வாத்தியார்.

"ஒரு மூட்டை அரிசி வேகுற தேக்சா சார் இது. ஆளு ஏறுனதில்ல."

யார் ஏறுவது என்பதுதான் அடுத்த பிரச்சினை. ஆகக் கனம் குறைந்தவர் ஏற வேண்டும் என்று முடிவாயிற்று. அரிசி மூட்டை நிறுக்கிற தராசு கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகத் தட்டில் உட்கார்ந்தோம். கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்குவதை மறந்து நின்று பார்த்தார்கள். என் தோழி, தன் கனத்தைக் கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று பாயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஏறினாள். பாய் சத்தியத்தைக் காப்பாற்றினார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு எடைக்கல்லைத் தூக்கி அவள் கண் எதிரில் எதிர்த்தட்டில் வைத்தார். அவ்வளவுதான். எங்கள் எல்லோரிலும் லேசானவர் வாத்தியார்தான். அவருக்கு அதில் வெட்கமே இல்லை. பரிசு வாங்கினவர் மாதிரி தட்டிலிருந்து குதித்தார்.

பாய் ஒரு நிபந்தனை போட்டார். "தேக்சா போற எடத்துக்கு நானும் வருவேன்."

வெள்ளிக்கிழமை காலை தேக்சா, பிரியாணி கிண்டுகிற நீளக் கரண்டி, பாய், நாங்கள் நால்வர் எல்லோரும் பஸ்ஸில் போனோம். "யே ஆத்மி ஹை யா சாமான்?" என்று கண்டக்டர் தேக்சாவைக் காட்டிக் கேட்டார். இது ஆளா, சாமானா என்று. ஆளுமில்லை சாமானுமில்லை, படகு என்று வாத்தியார் விளக்கப்போனதை நான் மொழிபெயர்க்க மறுத்துவிட்டேன். வழியில் ஏறிய பெண்கள் காய்கறிக் கூடைகளையும் இரண்டு குழந்தைகளையும் அதற்குள் இறக்கிவிட்டு நிம்மதியாக நின்றார்கள். குழந்தைகள் தூங்கிவிட்டன.

குளக்கரையில் திருவிழாக் கூட்டம். வாத்துக்கார அம்மாள் படித்துறையின் மேல்படியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பிரதான் எதிர்க்கரையில் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேக்சாவில் ஏறி உட்கார்ந்தார். கரையிலிருந்து பார்த்தால் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. கல்யாணத்துக்கு வேகப்போகிற ஏதோ ஒன்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது. ஒரு வளையத்தில் நீளக் கயிறு கட்டி, அதன் முனையைக் கோயம்புத்தூர்க்காரர் பிடித்துக்கொண்டார். நான் கரையில் நின்று அவர் சொல்கிற அளவுகளை எழுத வேண்டும்.

தள்ளிவிட்டோம். தேக்சா மிதந்தது. ஊரே கைதட்டியது. பாய் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார்.

வாத்தியார் கரண்டியைத் துடுப்பாகப் போட்டார். வட்டமான பாத்திரத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது என்பதை அப்போதுதான் எல்லோரும் உணர்ந்தோம். வலப்பக்கம் துழாவினால் இடப்பக்கம் சுற்றியது. இடப்பக்கம் துழாவினால் வலப்பக்கம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, எப்படியோ கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கியும் போனது. அவர் முகம் ஒருமுறை எங்கள் பக்கம் வரும், பிறகு முதுகு வரும், மறுபடி முகம் வரும். முகம் வருகிறபோதெல்லாம் பாடம் நடத்தினார்.

"எழுதிக்கிட்டியாம்மா? இங்க பாசி..." முதுகு. "...அடர்த்தி. வாசனை..." முதுகு. "...மோசம்!"

"யே கோன்ஸா பூஜா ஹை?" என்று என் பக்கத்தில் நின்ற கிழவர் பயபக்தியோடு கேட்டார். இது எந்தச் சாமிக்குச் செய்கிற பூஜை என்று. பரீட்சை என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

தண்ணீரின் கலங்கலை அளக்க ஒரு இரும்புத் தட்டு உண்டு. சோற்றுத் தட்டு அகலம். மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் பூசியிருக்கும். கயிற்றில் கட்டி இறக்கினால் எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் கணக்கு. வாத்தியார் அதைத் தண்ணீரில் இறக்கினார். "ஒரு சாண்கூட இல்ல!" என்று கத்தினார். மறுபடி அளக்கத் தட்டைத் தூக்கிப் பிடித்தார். தேக்சா சுற்றுகிற சுற்றில் தட்டு அதன் பக்கவாட்டில் போய் இடித்தது. டங். இன்னொரு சுற்று. டங். டங்.

அந்த அம்மாள் வாத்துகளுக்கு இரை வைக்கும்போது அலுமினியச் சட்டியை அகப்பையால் தட்டுவாள் என்பது எங்களுக்குத் தெரியாது. வாத்துகளுக்கு நன்றாகத் தெரியும்.

குளத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் அவை புறப்பட்டன. முதலில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, பிறகு இறக்கையடித்துப் பாதி பறந்துகொண்டு, கத்திக்கொண்டு வந்தன. வாத்தியார் சுற்றிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் அவை கொஞ்சம் பக்கத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் குரலில் பாடம் நின்று வேறு ஏதோ தொடங்கியது. முதல் வாத்து விளிம்பில் ஏறியது. அடுத்தது அவர் தோளில் இறங்கியது. அப்புறம் தேக்சாவுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை.

"சார், தேக்சாவ விட்டுறாதிய!" என்று பாய் அலறினார்.

"சாரைப் புடிங்க!" என்று என் தோழி அலறினாள்.

கோயம்புத்தூர்க்காரர் பதற்றத்தில் கயிற்றைத் தன் பலம் முழுக்கத் திரட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். தேக்சா ஒரு பக்கம் சரிந்து, மடமடவென்று தண்ணீர் குடித்துக் கவிழ்ந்தது. வாத்துகள் வெடித்துச் சிதறின. வாத்தியார் மறைந்துபோனார்.

அந்தக் கணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தென்னை உயரம், அடியே இல்லை என்று கேட்டதெல்லாம் ஒன்றாக மனதில் வந்தது. அவருக்கு நீச்சல் தெரியுமா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நான் தண்ணீரில் இறங்கினேன். பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது நடுக்குளத்தில் வாத்தியார் எழுந்து நின்றார்.

நீந்தவில்லை. நின்றார். தண்ணீர் மார்பளவுதான் இருந்தது. கறுப்பு வெள்ளைத் தட்டைப் பரிமாறுகிறவர் மாதிரி தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். தலைமுடியில் பாசி. தென்னை உயரத் தண்ணீரில் குள்ள மனிதர் நிற்கிறார் என்றால் சும்மாவா! சிலர் கும்பிட்டுவிட்டார்கள்.

"எதுமேலயோ நிக்கறேன்!" என்று அவர் கத்தினார். "மெத்துமெத்துன்னு இருக்கு!"

குனிந்து, தலை முங்கி, கையைவிட்டு எதையோ பிடுங்கி எடுத்தார். கரியாய்க் கறுத்த ஒரு தேங்காய் மட்டை. இன்னொன்று. கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டே மேலே வந்தது. அழுகின முட்டை வாடை கரைவரைக்கும் வந்து எங்கள் முகத்தில் அறைந்தது.

படித்துறையின் மேல்படியிலிருந்து அந்த அம்மாள் மெதுவாக எழுந்தாள். மட்டையைப் பார்த்தாள். பிறகு எதிர்க்கரையில் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

கயிறு திரிக்கிற தொழில் ஒன்று தொடங்கலாம் என்று பிரதான் யாரோ ஒரு மலையாளியிடம் யோசனை கேட்டிருக்கிறார். நார் எடுக்க மட்டையைத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊரார் கண்ணில் படாமல் நடுக்குளத்தில் கல் கட்டி இறக்கிவிட்டார். முதல் கட்டு ஊறுவதற்குள் அடுத்தது, அதற்குமேல் இன்னொன்று என்று ஒரு குன்றே எழும்பிவிட்டது. தொழில் நடக்கவில்லை. குளம் கறுக்க ஆரம்பித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பாவம், அவர் வாத்துகளைக் காட்டிவிட்டார். இதெல்லாம் பிறகு அவரே சொன்னது. அந்த நேரத்தில் அவர் மனைவிதான் பேசினாள். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நேராக அவரைப் பார்த்து, ஊர் கேட்க, வங்க மொழியில் சொன்னாள். எனக்கே புரிகிற அளவுக்கு அது சுருக்கமாக இருந்தது: "போ. எருமையைக் கொண்டு வா."

அவர் ஓடினார்.

எருமை எதற்கென்றால், தேக்சா மட்டைக் குன்றின் சரிவில் கவிழ்ந்து சேற்றுக்குள் புதைந்துகொண்டிருந்தது. அதன் கடைசி வளையம் மறைவதைக் கண்டதும் பாய், நீச்சல் தெரியாதவர், கைலியோடு குளத்தில் இறங்கிவிட்டார். கழுத்தளவு போனதும் நின்று, "யா அல்லா, கால் எங்க போச்சுன்னு தெரியலையே!" என்று கத்தினார். கோயம்புத்தூர்க்காரர் இப்போது நிஜமாகவே நீந்திப் போய் ஒரு கையால் பாயையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டார். "அட, ஆட்டாம நில்லுங்க பாய், ரெண்டு பேரும் போயிருவோமுங்க!" என்று கெஞ்சினார். கயிற்றின் மறுமுனையை எருமையின் கழுத்தில் கட்டினார் பிரதான். எருமை இழுத்தது. முதலில் கோயம்புத்தூர்க்காரர் வந்தார், அவரோடு பாய் வந்தார், கடைசியில் ஒரு பெரிய ஏப்பம் மாதிரி சத்தத்தோடு தேக்சா வந்தது. உள்ளே நிறையச் சேறும் மட்டையும், கோபமான ஒரு விரால் மீனும் இருந்தன.

வாத்தியாரை யாரும் இழுக்கவில்லை. அவர் குன்றின்மேல் நின்று சுற்றிலும் தண்ணீர் எடுத்துப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தார். பிறகு பாட்டில்களைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் அடித்து நிதானமாக நீந்திக் கரைக்கு வந்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நீச்சல் தெரியும்னு சொல்லியிருக்கலாமே சார்!" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லையேம்மா," என்றார்.

வாழைத்தோப்பிலிருந்து இலை அறுத்து வந்து அந்த அம்மாள் எங்களுக்குச் சாப்பாடு போட்டாள். வாத்து முட்டைக் குழம்பு. இப்போது வாழை தாராளமாகக் கிடைத்தது. கணவருக்கு அவளே நேராக, "உப்பு போதுமா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலை போனவர் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

தேக்சா அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தது. பக்கத்தில் ஒரு நசுங்கல். அது போகட்டும், நாற்றம்தான் போகவில்லை. சனிக்கிழமை முழுக்க நானும் தோழியும் கோயம்புத்தூர்க்காரரும் வாத்தியாரும் அதைத் தேய்த்தோம். சாம்பல், புளி, எலுமிச்சை, மறுபடி சாம்பல். உள்ளே இறங்கித் தேய்க்க லேசானவர்தான் வேண்டும் என்று வாத்தியாரையே இறக்கினோம். பாய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் தலையை உள்ளேவிட்டு மோந்து பார்த்து, "இல்லத்தா, இன்னும் கொளம் இருக்கு," என்பார். அம்மா பட்டையும் கிராம்பும் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தம் துறையிலிருந்து தேக்சாவோடு ஃபெர்ரி ஏறி பம்பூஃபிளாட் போனோம். எங்களையும் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். வழியில் பாய் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், அங்க வாயைத் தெறக்காதிய," என்றார். வாத்தியார் சத்தியம் செய்தார்.

பந்தியில் பிரியாணி வந்தது. என் தோழி முதலில் தனக்குப் பசியில்லை என்றாள். நான் ஒரு கவளத்தை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தேன். இலவங்கமும் நெய்யும்தான் மணத்தன. அதன் பிறகு தோழி இரண்டு தடவை வாங்கினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வாத்தியாருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். "என்னா மணம், என்னா மணம்! என்ன போட்டாகளோ!" என்று சிலாகித்தார்.

பொய் சொல்ல வராத மனிதர் வாத்தியார். மென்று முழுங்கிப் பார்த்தார், முடியவில்லை. "முந்தாநாள் இந்தத் தேக்சாவில நான்தான் இருந்தேன்," என்றார்.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார், அவர் அடுத்தவரிடம் சொன்னார், பந்தி முழுக்கச் சிரிப்பு ஓடியது. மெட்ராஸ்காரர் ரொம்பத் தமாஷான ஆள் என்று அவர் இலையில் இன்னும் இரண்டு கறித்துண்டு வைத்தார்கள். தூணோரம் நின்ற பாய் அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் நாங்கள் மறுபடி கிராமத்துக்குப் போனோம். இந்தத் தடவை ஊர்க் கூட்டம். வாத்தியார் பேச, நான் இந்தியில் சொன்னேன். மட்டை அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் அதுவே குடித்துவிடும், மீனுக்கு மிச்சம் வைக்காது. வாத்து போடுகிற எரு அளவோடு இருந்தால் மீனுக்குச் சாப்பாடு, அளவு மீறினால் அதுவும் விஷம். துணி துவைக்கிற சோப்பு, எருமைகள், எல்லாவற்றுக்கும் ஓரிடம் வேண்டும். மட்டை ஊறப்போடக் கழிமுகத்து உப்புத் தண்ணீரே நல்லது. இவ்வளவுதான் சொன்னோம்.

யாரையும் நாங்கள் குற்றம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பிரதான் ஊர் நடுவில் எழுந்து நின்று, மட்டைகளைத் தானே வெளியேற்றுவதாகச் சொன்னார். வாத்துகளை ஒரு மூலையில் வேலி கட்டி நிறுத்துவதாக அவர் மனைவி சொன்னாள். சோப்புத் துணிக்குக் குளத்துக்கு வெளியே ஒரு கல் போட்டுக்கொள்வோம் என்றார்கள் பெண்கள். அந்தக் கல் யார் வீட்டுப் பக்கம் வர வேண்டும் என்பதில் தகராறு ஆரம்பித்தது. ஆளாளுக்கு வங்க மொழியில் பேசினார்கள், கத்தினார்கள், மண்ணில் குச்சியால் குளத்தை வரைந்து அழித்து வரைந்தார்கள். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அந்த வேகத்தில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் வாத்தியார்.

"தெரியல சார்."

"சரி, விடு," என்றார். யாரோ ஒரு முறத்தில் பொரியும் பச்சை மிளகாயும் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார்கள். கூட்டம் முடிகிற மாதிரி தெரியவில்லை. நாங்கள் நால்வரும் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து பொரி தின்ன ஆரம்பித்தோம். மிளகாய் காரம் தாங்காமல் கோயம்புத்தூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாத்தியாரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.